ஸ்போட்ஸ் காருக்கு வான் சில்லு

இரண்டாவது பிள்ளை என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது என் கணவர் சில்லுத் தேடி அலைந்துகொண்டிருந்தார். கார்ச் சில்லு, அதாவது சக்கரம். மற்றப் பெண்களின் புருஷன்மார் அந்த நேரம் பிள்ளைக்குப் பெயர் தேடுவார்கள். எனக்கு வாய்த்தவர் கொடிகாமம் சந்தையில் யாருடைய வண்டிலைக் கண்டாலும் குனிந்து கீழே பார்த்தபடி நின்றார்.

இப்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பிள்ளை செத்துத்தான் பிறந்தது. நோக்காடு தொடங்கியதும் என்னை மாட்டு வண்டிலில் ஏற்றிப் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கொடிகாமத்துக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

இந்த முறை சத்திரசிகிச்சைதான், நோக்காடு தொடங்கின உடனே வந்துவிட வேண்டும் என்று அதே டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதலே வந்து படுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் விறாந்தையைக் காட்டினார். சண்டையில் காயப்பட்டுக் கட்டில் கிடைக்காதவர்கள் அங்கே பாயில் கிடந்தார்கள். பக்கத்தில் ஒரு வீடு எடுக்கலாமென்றால், இடம்பெயர்ந்து வந்த சனம் ஓர் அறைக்கு இரண்டு குடும்பமாக இருந்தது. எங்கள் ஊரில் வாடகைக் கார் வைத்திருந்தவர் அதைக் கழற்றி விற்றுவிட்டு வன்னிக்குப் போய்விட்டார். ஆகவே என் பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டுமென்றால் எங்களுக்கென்று ஒரு வாகனம் வேண்டும்.

வாகனம் வீட்டிலேயே நின்றது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அது என் கணவரின் அண்ணையுடைய கார். கொழும்பில் நல்ல வேலையில் இருந்த நாளில் வாங்கியது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, மூக்கு நீண்டு நிலத்தோடு படுத்தாற்போல் இருக்கும் ஜப்பான் ஸ்போட்ஸ் கார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்குப் போனவர், போகுமுன் அதை ஊரில் கொண்டுவந்து விட்டிருந்தார். மாமி, அதாவது அவர்களுடைய தாய், அதற்கொரு கிடுகுக் கொட்டில் போட்டு, காலையில் துடைத்து, மூத்த மகனே வந்து நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஷெல்லடிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடித் திரும்பி வந்தபோது காரின் நாலு சில்லையும் காணவில்லை. கார் கல்லுகளின் மேல் குந்திக்கொண்டிருந்தது. அழகான அலுமினியச் சில்லுகள். எந்த விறகு வண்டிலுக்குக் கீழே மினுங்கிக்கொண்டு திரிகின்றனவோ தெரியாது. அரசாங்கத் தடையால் அந்த நாளில் புது ரயர் என்ற சாமான் ஆனையிறவைத் தாண்டி வந்ததே இல்லை.

முதலில் ஒரு பழைய ஏ போர்ட்டிக் காரின் சில்லு வந்தது. போல்ட் துளைகள் பொருந்தவில்லை. பிறகு எங்கிருந்தோ மெல்லிய சில்லொன்று கொண்டுவந்தார். துளைகள் பொருந்தின, ஆனால் சுற்றவிட்டால் உள்ளே பிரேக்கில் முட்டியது. ஒவ்வொரு முறையும் அவர் அதைப் பூட்டி, ஒரு கையால் சுற்றிப் பார்த்து, கழற்றி வைப்பார். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எனக்குள் ஏதோ கழன்று விழும். இரவில் நித்திரை இல்லை. இதையும் வண்டிலில் வைத்துத்தான் சாகக் கொடுக்கப்போகிறேன் என்றே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் மானிப்பாயில் ஷெல் விழுந்த வான் வாகனம் ஒன்றின் சில்லுகள் அகப்பட்டன. ஒவ்வொன்றாகச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். நாலு துளையும் அச்சொட்டாகப் பொருந்தின. நடு ஓட்டைதான் சின்னது. கடைச்சல் பட்டறைக்குக் கொண்டு போகலாமென்றால் கரண்ட் இல்லை. அரத்தை எடுத்துக்கொண்டு குந்தினார். ஒரு கிழமைக்கு மேல் வீட்டில் அந்த அராவுகிற சத்தம்தான். பல்லுக் கூசும். ஆனாலும் அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம் வரும்.

நாலும் பூட்டியான பிறகு கேட்டேன்.

"பொருந்துதோ?"

"பொருந்துது. பின் சில்லு ரெண்டும் கொஞ்சம் வெளியிலை நிக்குது."

"எவ்வளவு வெளியிலை?"

"ரெண்டு விரல்கடை."

மட்காட்டின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் ரயர் உரஞ்சாது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்தார்.

"கொண்ணையின்ரை காரிலை வாள் வைக்காதை" என்றார் மாமி. "அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அவர் வாற நேரம் என்ரை பிள்ளை பள்ளிக்கூடம் போகும், மாமி" என்றேன். "பிறந்தால்."

என் கணவர் இரும்பு வெட்டுகிற வாளைக் கொண்டுபோய்க் கொட்டிலில் செருகிவிட்டார். அன்றைக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது.

அடுத்த நாள் ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தார். பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடின கார் புகையைக் கக்கிக்கொண்டு சந்தி வரை போய்த் திரும்பி வந்தது. ஒரு சத்தமும் இல்லை, உரஞ்சல் இல்லை. நானும் ஏறிப் பார்க்கிறேன் என்றேன். மாமி மறித்தார். சில்லு மாற்றின வாகனத்தில், எலுமிச்சம்பழம் வைத்து மிதிக்கமுதல் பிள்ளைத்தாச்சி ஏறக்கூடாதாம். பழம் மிதிக்கிறது புறப்படுகிற அன்றைக்குத்தானாம். ஆக, ஆள் ஏறாத வெறுங்காரை ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் திருப்திப்பட்டோம். நானும்தான். ஒரு சுமை ஏறினால் கார் பதியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நோக்காடு தொடங்கியது. நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார் மாமி. என் கணவர் கார்புரேட்டரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். முன் சீற்றைச் சரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். பின்னால் அந்த ஒடுங்கிய இடத்தில் மாமி, சுடுதண்ணிப் போத்தல், துணி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன். பழம் நசிந்த சத்தம் கேட்டது. எல்லோரும் கும்பிட்டோம்.

பெரிய றோட்டுக்கு ஏறவே ரப்பர் எரிகிற மணம் வந்தது. பின்னால் கிறீச்சென்ற சத்தம். அவர் இறங்கிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"பின்பக்கம் பதிஞ்சு போச்சு. மட்காட் ரயரைச் சீவுது."

வேறு ரயர் கிடையாது. வெடித்தால் நடுறோட்டில் நிற்க வேண்டியதுதான். எனக்கு அடுத்த நோக்காடு வந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி மாமியைத்தான் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருந்த மூட்டையைத் தள்ளிவிட்டு, ஓட்டுகிற பக்கத்து முன் சீற்றைச் சரித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். றோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி மகனிடம் நீட்டினார்.

"அடி" என்றார். "அடிச்சு நெளி. அவன் கேட்டா நான் சொல்லுறன்."

சில்லுக் கழற்றுகிற இரும்பை விளிம்புக்குள் கொடுத்து, கல்லால் அடித்து, அந்தச் சிவப்புத் தகட்டை அவர் கிழித்தார். ஒவ்வொரு அடிக்கும் கார் முழுக்க அதிர்ந்தது. மாமி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். முடிந்ததும், "நீங்கள் போங்கோ. நான் ஆரின்ரையும் சைக்கிளிலை வாறன்" என்றார். அவரையும் கலனையும் இறக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

சமனான இடத்தில் இப்போது சத்தம் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் பின்னால் 'டக்' என்று பிடித்தது. அந்த றோட்டில் பள்ளம் இல்லாத இடம் எது? அவர் சைக்கிள்காரர்கள் முந்திப் போகும்படி ஊர்ந்து ஓட்டினார்.

"அசையுதோ?" என்று கேட்டார்.

"ஓம், அசையுது."

அது உண்மை. பிறகு, வரணி ஊர் கழிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் பிள்ளை அசைவதை நிறுத்தியது. கையை வைத்து அமத்தினேன். பக்கவாட்டில் சரிந்து படுத்தேன். ஒன்றும் இல்லை. முதல் பிள்ளையும் வண்டிலில் இப்படித்தான் அடங்கியது. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி.

"அசையுதோ?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

என் கணவரை எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் அக்சிலேற்றரை மிதிப்பார். மிதித்தால் முதல் பள்ளத்திலேயே ரயர் வெடிக்கும். இரண்டு பக்கமும் உப்புத்தரை, ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. அந்த வெயிலுக்குள் நான் கிடந்து சாக வேண்டியதுதான்.

"அசையுது" என்றேன்.

வெளி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருமுறை, "நல்லா உதைக்குது" என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, 'கடவுளே, மெல்ல ஓட்டட்டும், மெல்ல ஓட்டட்டும்' என்று வேண்டினேன். பிள்ளைக்காக வேண்ட எனக்குத் துணிவு வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மயக்க ஊசி போடுகிற நேஸிடம் மட்டும், "அசைவு இல்லை, மிஸ்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண்ணின் பிள்ளை என்று நினைத்தேன். பிறகு அதை என் நெஞ்சில் வைத்தார்கள். பெண் பிள்ளை. முகம் சிவந்து, ஊரையே கூட்டுகிற கத்தல்.

அவர் கட்டிலடியில் நின்றார். மாமியும் வந்து சேர்ந்திருந்தார்; யாருடைய சைக்கிளிலோ வந்த புழுதி சீலையெல்லாம் இருந்தது.

"நான் பயப்பிடேல்லை" என்று அவர் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பிள்ளை வழி முழுக்க உதைச்சுக்கொண்டு வந்தது. இவ சொல்லிக்கொண்டு வந்தவ. அதுதான் பதறாமல் ஓட்டினனான்."

எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. வெட்டின இடம் நோகிறதாக்கும் என்று அவர் நேஸைக் கூப்பிட ஓடினார். அந்த வெளி முழுக்க நான் செத்த பிள்ளையைச் சுமந்துகொண்டுதான் வந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நேஸோடு திரும்பி வந்தவர் குனிந்து, "இப்பவும் உதைக்கிறாளோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். இந்த முறை அது உண்மை.