நானூற்றுப் பன்னிரண்டு தலைகள்

மூன்றாவது மாடியில் இருப்பவளை எல்லோரும் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, தலையைச் சாய்த்துக் கழுவ ஒரு தொட்டி. பதினேழு வருடமாக அங்கே நரைமுடிக்கு டை போடுகிறாள். யாருக்கு எந்த டியூபில் எத்தனை பங்கு, எத்தனை நிமிடம் ஊற வேண்டும், யாருக்கு நெற்றியோரம் சாயம் பிடிக்காது, யாரிடம் மகனைப் பற்றி விசாரிக்கக் கூடாது, எல்லாவற்றையும் எழுதி வைப்பாள். எழுதிய கையோடு மறந்தும் விடுவாள். "மறக்கறதுக்குத்தானே எழுதறதே" என்பாள்.

முதலில் நோட்டுப் புத்தகம்தான். கையுறையோடு புரட்டிப் புரட்டி ஒரே வருடத்தில் அதற்கும் டை அடித்தாகிவிட்டது. பிறகு எல்லாம் போனுக்குப் போயிற்று. ஆளுக்கொரு குறிப்பு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

போன மாதம் அந்தப் போனின் திரையோரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோடு ஒன்றாகவே இருக்கிறதா, இரண்டாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு தலைக்குச் சாயம் தடவி முடிப்பதற்குள் மூன்று தடவை கையுறையைக் கழற்றினாள். புதுப் போன் வாங்கினாள். கடைக்காரர் நம்பர்களையும் படங்களையும் மாற்றிக் கொடுத்தார். குறிப்புகள் மட்டும் வரவில்லை.

எதிர்வீட்டில்தான் நாத்தனார். ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து சேமிக்கிற வேலை அவளுக்கு.

"ஆன்லைன்ல ஏத்தி வச்சிடுங்க அண்ணி. போன் செத்தாலும் குறிப்பு சாகாது."

"ஊர்ல இருக்கற நரையெல்லாம் கொண்டுபோய் ஆகாசத்துல ஏத்தணுமா? என்னை நம்பிச் சொன்னது, எங்கிட்டயே இருக்கட்டும்."

"சரி, ஞாயித்துக்கிழமை வரேன். ஒரே ஃபைலா வெளியே எடுத்துத் தரேன். அதுவரைக்கும் அதை நோண்டாம இருங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். கலர் அக்காவுக்கு ஐந்து நிமிடமே அதிகம். நாத்தனார் அந்தப் பக்கம் போனதும் பழைய போனை மேசையில் மல்லாத்தி வைத்தாள். ஒரு குறிப்பைத் திறந்து, புதுப் போனால் ஒரு படம். அடுத்தது, இன்னொரு படம். நாற்காலியில் இருப்பவர்களிடம் "கொஞ்சம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி நாலு படம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்குள் ஆறு படம். ஒரு அம்மாளுக்கு இருபது நிமிடம் ஊற வேண்டியது முப்பத்தைந்தாகி, காதோரமெல்லாம் கறுத்துப் போனது.

வியாழக்கிழமை மதியம் கடைசிப் படத்தை எடுத்தாள். மூன்று மணிக்கெல்லாம் பழைய போனின் திரை ஒரேயடியாக இருண்டது.

"பாத்தியா? உன் ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருந்தா என் கதி என்ன?" என்று நாத்தனாரின் வாசலில் போய் நின்றாள்.

நாத்தனார் புதுப் போனை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தாள். "இதுக்குப் பேரு பேக்கப் இல்ல அண்ணி, கல்யாண ஆல்பம். இதுல ஒருத்தரைத் தேடணும்னா எப்படித் தேடுவீங்க?"

"தள்ளிக்கிட்டே போவேன்."

"எடுத்தது சரியா இருக்கான்னு திறந்து பாத்தீங்களா?"

"எடுத்தவ நான்தானே?"

போன் ரிப்பேர்க்காரர் பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கும்மா, முகம்தான் போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வாங்க, திரை மாத்தி வைக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் வந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிறார். ஐம்பத்தோரு வயது. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு வேறொரு பள்ளியில் நேர்முகத் தேர்வு.

"நல்ல கறுப்பா போட்டு விடு. பத்து வயசு குறையணும்."

"அஞ்சு குறைக்கறேன் டீச்சர். மிச்சம் அஞ்சை நீங்க பேசிக் குறைச்சுக்குங்க."

சிரித்துக்கொண்டே கிண்ணத்தில் கறுப்பைக் கலக்கினாள். பிரஷைத் தோய்த்தபின்தான் இடது கை புதுப் போனுக்குப் போயிற்று. தள்ளினாள், தள்ளினாள். இருநூறு படங்களுக்கு அப்புறம் டீச்சரின் குறிப்பு வந்தது. 'கறுப்பில் சேரும் மருந்து இல்லாத பழுப்பு, இரண்டு பங்கு. நாற்பது நிமிடம். பேச்சுக் கொடுத்தால் பொறுமையாக உட்காருவார்.' அதற்குக் கீழே கடைசி வரி: 'கறுப்பு போட்டால்'. அதோடு திரை முடிந்திருந்தது. படமும் முடிந்திருந்தது.

கலர் அக்கா அடுத்த படத்தைத் திறந்தாள். அது வேறொருவரின் தலை. நீளமான குறிப்பை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அளவை மேலேயும் எச்சரிக்கையை அடியிலும் எழுதுவது அவள் வழக்கம். அப்படியானால் எத்தனை பேரின் அடிவரி போயிற்று?

"டீச்சர், உங்களுக்குக் கறுப்பு ஒத்துக்குமா? முன்னாடி ஏதாவது ஆச்சா?"

"எனக்கா? ஒண்ணும் ஆகலையே. நேரமாகுது, போடும்மா."

பிரஷின் நுனியில் கறுப்பு திரண்டு நின்றது. கலர் அக்கா டீச்சரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என்ன பண்றே நீ?"

"பழுப்பு போடறேன் டீச்சர். கறுப்பு வேண்டாம்."

"பழுப்புல வெளிச்சம் பட்டா நரை தெரியும். நாளைக்கு எனக்கு வேலை கிடைக்கலைன்னா நீ சோறு போடுவியா?" துண்டை உருவிப் போட்டுவிட்டு டீச்சர் எழுந்து போனார். படியில் செருப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

அன்று வந்த மற்றவர்களையெல்லாம் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். நாலு மணிக்கே போய் ரிப்பேர்க் கடை வாசலில் நின்றாள். "சாயங்காலம்னா ஆறு மணிம்மா" என்றார் அவர். நின்றுகொண்டே இருந்தாள். அவர் ஐந்துக்கே முடித்துக் கொடுத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் நாத்தனார் பழைய போனில் குறிப்புச் செயலியைத் திறந்து எதையோ அழுத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே ஃபைலாக வந்து விழுந்தன. டீ ஆறுவதற்குள் ஒரு பென்டிரைவிலும், கடவுச்சொல் போட்டு நாத்தனாரின் கணினியிலும் ஏறிவிட்டன.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இனிமே வாரத்துக்கு ஒரு தடவை, மாத்தினது, புதுசா எழுதினது மட்டும் ஏறினா போதும். ஆனா ஏத்தினதுல ஒண்ணைத் திறந்து கடைசி வரைக்கும் பாக்கணும். கடைசி வரைக்கும், அண்ணி."

கலர் அக்கா 'டீச்சர்' என்று தட்டித் தேடினாள். உடனே வந்தது. 'கறுப்பு போட்டால் காதுக்குப் பின்னால் தடிக்கும், கண் வீங்கும். கேட்டால் இல்லை என்பார்.'

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கலர் அக்கா சிரிக்கவில்லை. டீச்சருக்குப் போன் போட்டாள்.

"வேற எங்கயாவது கறுப்பு போட்டுக்கிட்டீங்களா டீச்சர்?"

"இன்னும் இல்ல. தெருக்கோடிக் கடையிலதான் உக்காந்திருக்கேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு."

"எழுந்து வந்துடுங்க. கண் வீங்கினது இதுல இருக்கு."

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"காது அதேதானே டீச்சர்? வீங்கின கண்ணோட போய் நிக்கறதுக்கு நரையே தேவலாம். காலைல ஏழு மணிக்கு வாங்க."

ஏழேகாலுக்கு வந்தார். பழுப்பு பூசி ஊறும்போது, "என்னைப் பத்தி வேற என்ன எழுதி வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"நல்லதுதான் டீச்சர்."

"பொய் சொல்லாதே."

"அதுவும் எழுதியிருக்கு."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுவி உலர்த்தியதும், ஜன்னலுக்கு எதிரில் உட்கார வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். டீச்சர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு வந்து குறிப்பைத் திறந்தாள். கடைசி வரியை வெட்டி முதல் வரிக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் அடுத்த தலை. இன்னும் நானூற்றுப் பதினொன்று இருந்தன. அழைப்பு மணி அடித்தது. கேட்காததுபோல் இன்னொன்றைத் திறந்து அடிவரை தள்ளினாள்.