இடப்பக்கம் இழுத்த பென்ஸ்

உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பென்ஸ் கார் வைத்திருந்தவர் சுப்ராயன். அளத்து முதலாளி இல்லை. உப்பு லாரி ஓட்டியவர். எங்களுக்குப் பக்கத்து வீடு. எனக்குச் சித்தப்பா முறை.

கூட்டாக வாங்கிய லாரியில் தன் பங்கை விற்றுவிட்டு, 2004 பொங்கல் முடிந்த கையோடு அந்தக் காரை வாங்கினார். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவருடைய கார் அது. பெரியவர் போய்விட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். இருபது வருஷப் பழசு, பாலாடை நிறம், முன்மூக்கில் நட்சத்திரம்.

அம்சவள்ளி சித்தி அன்று அளத்தில் உப்பு வாரிவிட்டு வந்து, வாசலில் நின்ற காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“லாரிய வித்துட்டு இத வாங்கினு வந்துகீறியே, இதுல எத்தினி மூட்டை ஏத்துவ?”

“மூட்டை இன்னாத்துக்கு? மாப்பிள்ளைய ஏத்துவேன்.”

சொன்னபடி ஏற்றினார். திண்டிவனத்திலிருந்து காலாப்பட்டு வரை மாப்பிள்ளை அழைப்பு என்றால் சித்தப்பாவுக்குத்தான் ஆள் வரும். நட்சத்திரம் மறையாமல் பூ அலங்காரம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அவரே வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளையைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

லாரியிலிருந்து அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது அதன் தார்ப்பாயை மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கடல் காற்று படக்கூடாது என்று அதைக் காரின் மேல் போர்த்துவார். காரின் இடப்பக்கம் வீட்டுச் சுவர். அதனால் மிச்சத் துணியெல்லாம் வலப்பக்கம்தான் குவியும். அதை மடித்துச் சக்கரங்களைச் சுற்றித் திணித்து, லாரிக்குக் கட்டுவது போலவே கயிறு போட்டு இறுக்குவார். காலையில் அவிழ்த்ததும் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து காரைத் துடைப்பார்.

“குடிக்கிற தண்ணி அது” என்பாள் சித்தி.

“அதுவும்தான் குடிக்குது.”

2005 வைகாசியில் பெருமுக்கல்லில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு பந்தல் வாசலுக்கு வந்தபோது, சித்தப்பா பிரேக்கை மிதித்ததும் கார் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. தவில்காரர் தவிலோடு துள்ளி ஒதுங்கினார். பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரம் குலையோடு சாய்ந்து பானட்டின் மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. பெண் வீட்டார் முகம் மாறுவதற்குள் சித்தப்பா இறங்கி, “பாருங்க, வாழையே குனிஞ்சு மாப்பிள்ளைய உள்ள கூப்புடுது” என்றார். கூட்டம் சிரித்துவிட்டது.

உள்ளூர் மெக்கானிக் குப்புசாமி, கார் இடப்பக்கம் இழுப்பதால் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினார். அங்கே பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றினார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது. கார் முன்பைவிட உற்சாகமாக இடப்பக்கம் இழுத்தது.

அடுத்து புதுச்சேரியில் ஒரு பெரிய பட்டறை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. அவர்கள் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த காகிதத்தை சித்தப்பா என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன். பழுது பார்ப்பது என்று அதில் எதுவுமே இல்லை, எல்லாம் மாற்றுவதுதான். முன் சக்கரம் இரண்டுக்கும் பிரேக் புதிது, பிரேக் பூஸ்டர் புதிது, குழாய்கள் புதிது. ஐம்பத்திரண்டாயிரம்.

“தமிழ்லயும் அவ்ளோதானா?” என்றார் சித்தப்பா.

“அவ்ளோதான் சித்தப்பா.”

“ரெண்டு பாஷை படிச்சும், ஒண்ணுலகூட நல்ல வார்த்தை வரல இவளுக்கு” என்றாள் சித்தி. நான் அதிகம் பேசுவதில்லை என்பது தெருவுக்கே ஒரு வேடிக்கை.

பிறகு சித்தி சிரிக்காமல் சொன்னாள். “இந்தாய்யா, சீட்டு எடுத்த பணம் பத்தாயிரம் கீது. அதுக்குள்ள முடிஞ்சா முடி. அதுக்கு மேல கையில இருந்து ஒரு ரூவா கூடுச்சுன்னாலும் வண்டிய திண்டிவனத்து புரோக்கருக்குக் குடுத்துடணும். அடுத்த ஆளைத் தவில்காரர் மாதிரி எகிற வைக்கிறதுக்கு நான் தயாரா இல்ல.”

சித்தப்பா தலையாட்டினார். ஆனியில் மூன்று முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். அடுத்து ஆடி, ஒரு கல்யாணமும் இருக்காது. காரைக் காப்பாற்ற ஆனிதான் இருந்தது.

குயிலாப்பாளையத்தில் கௌதமன் என்று ஒருவர், ஆரோவில் வெள்ளைக்காரர்களின் பழைய வண்டிகளைப் பார்க்கிறவர் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருபதைத் தாண்டாத வேகத்தில் மூவரும் போனோம். பணம் சித்தியின் சுருக்குப் பையில் இருந்ததால் சித்தியும் வந்தாள். மாப்பிள்ளை உட்காரும் இடம் என்று காருக்குள் அதுவரை ஏறாதவள், பின் சீட்டில் என் பக்கத்தில் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

கௌதமனின் பட்டறை ஒரு கீற்றுக் கொட்டகை. கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் தரையில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. அவர் காரை வாங்கித் தெருக்கோடி வரை ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துத் திரும்பி வந்தார். இறங்கி, முன் சக்கரங்கள் இரண்டின் பக்கத்திலும் கையை வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் கொதிக்குது. அந்தப் பக்கம் ஜில்லுனு கீது.”

“அப்ப கொதிக்கிற பக்கந்தான் கோளாறு” என்றார் சித்தப்பா.

“இல்லண்ணே. கொதிக்கிறவன் வேலை செய்யறான். ஜில்லுனு இருக்கறவன் சும்மா கூட வர்றான். இடப்பக்கம் மட்டும் பிடிக்குது, அதான் அந்தப் பக்கம் இழுக்குது. வலதுதான் கழட்டணும்.”

“எங்க வூட்லயும் அதே கததான்” என்றாள் சித்தி.

வலச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் தட்டின் ஓரமெல்லாம் துரு பொரிந்திருந்தது. கட்டையை நெருக்கித் தள்ள வேண்டிய பிஸ்டன் துருவில் இறுகி அசையவே இல்லை. அதைச் சுற்றிச் சாம்பல் போல ஏதோ படிந்திருந்தது. கௌதமன் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

“உப்பு. இன்னாண்ணே, வண்டிய கடல்ல ஓட்டினீங்களா?”

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கடலா? என் வண்டி கடலைக் கண்ணால பார்த்ததில்ல. தினம் நல்ல தண்ணியில தொடைக்கிறேன். காத்துகூடப் படாம மூடி வெக்கிறேன். பாக்குறியா?”

டிக்கியைத் திறந்து தார்ப்பாயை எடுத்து, கௌதமன் முன்னால் விரித்து உதறினார். அந்த இருட்டுக் கொட்டகையில், வெயில் வட்டங்களுக்குள் பொடி பொடியாக வெள்ளையாய்ப் பறந்தது.

சித்தி குனிந்து தார்ப்பாயின் ஒரு மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். உப்பள வெயிலில் நாளெல்லாம் நிற்கிறவளுக்கு நாக்கில் வைக்கத் தேவைப்படவில்லை.

“இது உப்பு மூட்டை மேல போட்டதாச்சே. ராத்திரி பனியில ஈரம் இழுத்து நசநசன்னு ஆவும். அத சக்கரத்தைச் சுத்தி திணிச்சு வெச்சிருக்கியே” என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “புள்ளைய உப்புல ஊறுகா போட்ட மாதிரி போட்டுகினு இருந்திருக்க.”

“மேல நல்ல தண்ணியில தொடைச்சேனே” என்றார் சித்தப்பா, மெதுவாக.

“மேல தொடைச்சீங்கண்ணே. பளபளன்னு கீது” என்றார் கௌதமன் ஆறுதலாக. “உள்ள யாரு கைவிட்டுத் தொடைக்கப் போறாங்க?”

பூஸ்டரில் ஒன்றுமில்லை, குழாய்களில் ஒன்று மட்டும் விரிசல் விட்டிருந்தது என்றார். பிஸ்டனைக் கழற்றித் தேய்த்து, புது ரப்பர் செட் போட்டுவிடலாம். ரப்பர் செட் சென்னையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். பிரேக் தட்டு இரண்டையும் கடைசல் பிடிக்க வேண்டும். காரை விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். சித்தப்பா ஜன்னல் வழியே பட்டறை இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தார், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வருகிறவர் போல.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மூவரும் போனோம். கௌதமன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குக் கூட்டி, பதினோராயிரத்து முன்னூறு என்றார்.

சித்தப்பா பேரம் பேசவில்லை. பார்த்த வேலைக்கு அது நியாயமான கூலி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நட்சத்திரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றார். “சொன்ன வாக்கு சொன்னதுதான். புரோக்கருக்குப் போன் பண்ணிடறேன்” என்றார்.

சித்தி அண்ணாந்து கொட்டகையின் கூரையைப் பார்த்தாள்.

“ஏம்பா, மழை வந்தா இன்னா பண்ணுவ?”

“நனைவேன்க்கா. கீத்து மாத்தணும்.”

“லாரி தார்ப்பாய் புதுசு இன்னா வெல?”

கௌதமனுக்கு உடனே புரிந்துவிட்டது. போன வாரம் நாங்கள் விட்டுப்போன தார்ப்பாய் மூலையில் சுருட்டிக் கிடந்ததைத் திரும்பிப் பார்த்தார். “அது உப்பு தார்ப்பாயாச்சேக்கா.”

“கூரை மேல போடு. ஐப்பசி மழை அலசிட்டுப் போயிடும். ஓட்டை கிடையாது, கிழிசல் கிடையாது. ஆயிரத்து முன்னூறுக்கு எவன் தருவான்?”

“அது என் லாரி தார்ப்பாய்” என்றார் சித்தப்பா.

“சரி. காரா, தார்ப்பாயா? ஒண்ணு சொல்லு.”

சித்தப்பா அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். எத்தனையோ மழையில் உப்பைக் கரையவிடாமல் காத்த துணி. பிறகு அவரே ஏணியில் ஏறி, கௌதமனோடு சேர்ந்து அதைக் கூரையில் விரித்து, லாரிக்குக் கட்டுவது போலவே கயிறு போட்டு இறுக்கினார். வெயில் வட்டங்கள் மறைந்தன. சித்தி சுருக்குப் பையிலிருந்து பத்தாயிரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது அவள் பின்கதவைத் திறக்கவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தாள். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் ஆட்டு மந்தை ஒன்று சடாரென்று ரோட்டில் ஏறியது. சித்தப்பா மிதித்தார். கார் கோடு கிழித்தது போல நேராக நின்றது. ஒரு ஆடு நட்சத்திரத்தை முகர்ந்துவிட்டுப் போனது.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார்.

“ரோட்டப் பாரு” என்றாள் அவள்.

அன்று பொழுது சாய்ந்ததும் சித்தி தன் பழைய நூல் புடவைகள் நான்கை ஒன்றாகத் தைத்துக் காரின் மேல் போட்டாள். புடவை முட்டளவுக்குத்தான் இறங்கியது. கீழே நாலு சக்கரங்களும் வெளியே தெரிந்தன. சித்தப்பா குனிந்து குனிந்து பார்த்தார்.

“காத்து உள்ள போவுமே.”

“போவட்டும்” என்றாள் சித்தி. “வெளியவும் வரட்டும்.”