லாண்டரி அக்காவின் கோணல் ஸ்டீயரிங்

சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், லாண்டரி அக்காவின் கை சும்மா இருக்காது. பார்க்கிங் சீட்டு, ரொட்டி சுற்றி வந்த காகிதம், கைக்குட்டை என்று எது அகப்பட்டாலும் மூன்றாக மடித்து, ஓரத்தை நீவி, டாஷ்போர்டில் வைத்துவிடுவார். பச்சை விழுந்ததும், "கிளம்புங்க பெரியவரே, முனகாதீங்க" என்று பிக்கப்புக்கு ஒரு செல்லத் தட்டு. அக்காவுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமோ, ஏறக்குறைய அத்தனை வயது பெரியவருக்கு. கதவைத் திறக்கவும் சாத்தவும் அதைக் கொஞ்சம் தூக்க வேண்டும். கண்ணாடியை இறக்கினால் அது திரும்ப ஏறுவது அதன் இஷ்டம்.

விடிந்ததிலிருந்து மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோவதும், அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவதும்தான் பிழைப்பு. "எப்படிக்கா இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "என்னத்தச் சொல்ல, உருண்டுகிட்டிருக்கேன்" என்பார். எதைக் கண்டாலும் மடிக்கிற அந்தக் கை தொடாத துணி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவர் வீட்டுக்காரரின் கிரீஸ் துணி.

வீட்டுக்காரர் மெக்கானிக். அக்கா வண்டி ஓட்டப் பழகிய புதிதில், முன்பக்க பம்பரை நசுக்கிக்கொண்டு ஒருநாள் பட்டறைக்கு வந்து நின்றார். ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் மெக்கானிக் கேட்டார்: "துணி மடிக்கிற கைக்கு ஸ்டீயரிங் எதுக்கு?" பட்டறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மெக்கானிக்குக்கும் இறங்கி வர மனம் வரவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மகள். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது." "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு தெரியுது." கல்யாணமாகிப் புறப்படுகிற அன்று மகள் கைகழுவிவிட்டாள். "போஸ்ட்மேன் வேலைய ராஜினாமா பண்ணிட்டேன். இனிமே நீங்களாச்சு, உங்க தபாலாச்சு!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். காரில் ஏறியதும் தேம்பித் தேம்பி அழுதாள்.

அதன்பிறகு அக்கா பிரிட்ஜைப் பார்த்துப் பேசினார்: "பால் தீர்ந்துபோச்சு." மெக்கானிக் முகம் பார்க்கும் கண்ணாடியிடம் பதில் சொன்னார்: "வாங்கி வச்சாச்சு." இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவுதான் சத்தம்.

போன மழையில், பள்ளிக்கூட முக்கில் தேங்கிய தண்ணீருக்கடியில் ஒரு பள்ளம் இருந்தது. பெரியவர் அதில் தடாலென்று இறங்கி ஏறினார். அதிலிருந்து வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சாய்த்தே பிடிக்க வேண்டியிருந்தது. நாளெல்லாம் வலது கை மேலே, இடது கை கீழே. இரவில் வலது தோளை அழுத்திப் படுக்க முடியாது. சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தட்டி எழுப்பிச் சொன்னால் என்ன? சொன்னால், அன்றைக்குப் பட்டறையில் அவர் சொன்னது உண்மையாகிவிடும். அதைவிடத் தோள் வலி மேல்.

வலி பொறுக்காமல் ஒருநாள் எங்கேயோ தள்ளியிருந்த வேறு பட்டறைக்குப் போனார். அங்கே ஸ்டீயரிங்கைக் கழற்றி, நேராகத் திருப்பி வைத்து, நட்டை முடுக்கி அனுப்பிவிட்டார்கள். பார்வைக்கு நேர்தான். ஆனால் அடியில் கோணல் அப்படியேதான் இருந்தது. பெரியவர் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பினார். மறுபக்கம் பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் ஒரே ஒடிப்பில் நுழைந்த வீட்டு வாசலில், பின்னால் போய் முன்னால் வந்து திணற வேண்டியிருந்தது.

சன்னலோரம் நின்று மெக்கானிக் அதைப் பார்த்தார். அக்கா உள்ளே போனதும் வண்டியில் ஏறி, ஸ்டீயரிங்கின் நடு மூடியைத் திறந்தார். நட்டில் வேறொருவர் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஆளிடம் போகும் அளவுக்கா வந்துவிட்டது? அன்றைக்குப் பட்டறையே சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு இறங்கினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வாசலுக்கு வந்தபோது அவர் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பழைய இடத்திலேயே கோணலாக மாட்டியிருந்தார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டிருந்தன. சக்கரங்களுக்குப் போகும் ராடை அவர் ஒரு திருகு திருகுவார். வெளியே வந்து, முழங்கால் சொடுக்க மேலே ஏறி ஸ்டீயரிங்கைப் பார்ப்பார். பெருமூச்சு விட்டு மறுபடி அடியில் போவார். மூன்றாம் தடவை அவர் டயரிடம் சொன்னார்: "மேலே ஒரு ஆள் உக்காந்து பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

அக்கா கதவைத் தூக்கித் திறந்து ஏறி உட்கார்ந்தார். கீழே அவர் திருக, இங்கே அக்காவின் விரல்களுக்குள் ஸ்டீயரிங் தானாக மெல்லத் திரும்பியது.

"நேரா வந்துச்சா?"

அக்கா பிரிட்ஜைத் தேடவில்லை. "இல்லைங்க. இன்னும் இடப்பக்கம்."

கீழே ஸ்பேனர் ஒரு கணம் நின்று, மறுபடி அசைந்தது.

"தண்ணிக்குள்ள பள்ளம் தெரியல," என்றார் அக்கா. "வண்டிய விட்டுட்டேன்."

"ஸ்கூல் முக்குலயா?"

"ம்."

"அது பள்ளமா, கிணறு! நானும் ஸ்கூட்டரோட விழுந்தேன். முட்டியப் பாத்தா தெரியும்."

"மாடிப்படியில சறுக்கிட்டேன்னு கண்ணாடிகிட்ட சொன்னீங்களே?"

"பின்ன, உனக்குக் கேக்குற மாதிரி உண்மையச் சொல்லுவேனா?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "போதுங்க. நேரா வந்துடுச்சு."

ராடைப் பிடித்திருக்கும் கிளாம்புகளை இறுக்கிவிட்டு அவர் வெளியே வந்தார். தான் கைவைத்த வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி; அதை இன்னொருவரிடம் விட்டதே இல்லை. அக்கா இறங்குவதற்குக் காலை எடுத்தார். அவரோ சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் தூக்கித் திறந்தார்.

"நீயே ஓட்டு. உன் வண்டிதானே."

பெரியவர் கிளம்பினார். பிறர் ஓட்டும் வண்டியில் மெக்கானிக் கண்மூடியதில்லை. பஸ்ஸில் போனால்கூட இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருகிற ஆள். முதல் வளைவில் அந்தக் கால் அழுத்தியது. இரண்டாவதில் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் நீண்ட நேரான சாலை வந்தது. அக்காவின் தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். கால் அசையாமல் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க அவர் தூங்கிப்போயிருந்தார். விரல்களிலிருந்து கிரீஸ் துணி நழுவிக்கொண்டிருந்தது.

அக்கா அதை மெதுவாக உருவி எடுத்தார். மூன்றாக மடித்து, ஓரத்தை நீவி, அவர் மடியில் வைத்தார்.