முன்கண்ணாடிக்கு இரண்டு ஆள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். மருந்து வாங்க வருகிற பெண்கள் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர், தோட்டத்தாருக்கு டாக்டர். மனைவி செத்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. என் கோபத்தைச் சட்டை செய்யாமல் என்னோடு பழகிய ஒரே மனிதர் பக்கத்துக் குவாட்டஸில் இருந்த பெரிய கிளாக்கர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் என் காரில் மாத்தளைக்கு இறங்குவோம். ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பழைய கார் அது. கிளாக்கர் இடது பக்க ஆசனத்தில் உட்கார்ந்தாரென்றால் ரத்தோட்டை வருவதற்குள் தோட்டத்துக் கதை அத்தனையையும் சொல்லி முடித்துவிடுவார். வாயை மூடும் ஐயா, வளைவு வருகிறது என்று நான் கத்துவேன். வளைவு முடியும் வரை பொறுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

இரு நாட்டு ஒப்பந்தப்படி அவருக்கும் மனைவிக்கும் இந்தியா போகும் நாள் குறித்து வந்தது. எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மலையில் எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் பிரிந்தன. எங்கள் தோட்டத்திலிருந்தும் லயங்களில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் சில அதே நாளில் புறப்பட இருந்தன. தோட்டத்து லொறி எல்லாரையும் மாத்தளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ரயில், பிறகு தலைமன்னாரில் கப்பல்.

"பெட்டியெல்லாம் லொறியில போகட்டும், நீங்க ரெண்டு பேரும் என் கார்ல வாங்க" என்றேன்.

"உங்க கார்லயா? ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள குளிச்சு முடிச்சிரலாம் டாக்டர்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மைதான். முன்கண்ணாடியின் இடது மூலையில் தண்ணீர் ஒழுகும். மழை நாட்களில் மனிதர் மடியில் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு வருவார். இப்போது அடைமழைக் காலம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கடைசித் தடவையாக அவர் அந்த ஆசனத்தில் நனையாமல் உட்கார்ந்து, மாத்தளை வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வரவேண்டும். அதைத் தவிர அவருக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

மாத்தளை கராஜ்காரன் கையை விரித்துவிட்டான். "கண்ணாடிய எடுக்கையில ரப்பர் கிழிஞ்சா நான் பொறுப்பில்லீங்க. வெளிநாட்டுச் சாமான் வர்றதே இல்லையே" என்றான். அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னான். அடுத்த மாதம் யாரை ஏற்றிக்கொண்டு போவது? நாமே பார்த்துக்கொள்வோம் என்று கிளாக்கரைக் கூப்பிட்டேன்.

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பருக்குள் பளபளவென்று ஒரு பட்டி பதிந்திருக்கும். பீடிங் என்போம். முதலில் அதை எடுக்க வேண்டும். மெல்லிய உலோகம், ஒரு தடவை மடிந்தால் ஆயுளுக்கும் மடிப்பு நிற்கும். திருப்புளி போட்டால் ரப்பர் கிழியும். தொண்டை பார்க்க நாக்கை அழுத்துகிற மரக் குச்சிகள் என்னிடம் கட்டுக் கட்டாக இருந்தன. ஒரு முனையை நெம்பி, குச்சியை அடியில் நுழைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன்.

"டாக்டர், பல்லுப் புடுங்குற மாதிரி இழுக்காதீங்க" என்றார் கிளாக்கர்.

"அடுத்தது உங்க பல்லுதான்" என்றேன்.

பட்டி முழுதாக வந்தது. உள்ளேயிருந்து அவர் தள்ள, வெளியே நான் ஏந்தினேன். கண்ணாடியும் ரப்பரும் சேதமில்லாமல் வந்தன. அடியில் தகரம் இருந்த கோலத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். மூலையில் துரு பிடித்து, தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி விரலோடு உதிர்ந்தது. நல்ல தகரம் தெரியும் வரை சுரண்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, ஓட்டைகளுக்குத் தகரத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்தேன். தேயிலை ஸ்டோரின் கூரைக்கு அடிக்கிற சிவப்புப் பூச்சில் கொஞ்சம் கேட்டு வாங்கி, மேலே பூசினேன்.

அந்த மூடுபனியில் பூச்சு எங்கே காய்கிறது! காருக்குப் பக்கத்தில் கரி அடுப்பை வைத்துவிட்டு, உள்ளே சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து காவல் காத்தேன். கிளாக்கர் கந்தோரில் கணக்குப் புத்தகங்களைப் புது ஆளிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத முன்பக்கத்தால் பனி நேரே முகத்துக்கு வந்தது. அவர்கள் போன பிறகு இந்தத் தோட்டத்தில் நான் யாரைத் திட்டுவேன் என்று யோசித்தேன். நோயாளிகளைத் திட்டலாம், ஆனால் அவர்கள் பயந்துவிடுவார்கள். இறங்கி அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கரி போட்டேன்.

கண்ணாடியைக் கழற்றுவதைவிடத் திரும்பப் போடுவதுதான் பெரிய வேலை. அதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் வெட்டுக்குள் சுற்றிவர ஒரு கயிற்றைப் பதிக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் விளிம்பு புரண்டு தகரத்தைக் கவ்வும். கயிறு எங்கே? அவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தார்கள். கிளாக்கரின் மனைவி ஒரு பெட்டியைத் திறந்து, உள்பாவாடையிலிருந்து நாடாவை உருவிக் கொடுத்தாள். "இதையாவது திருப்பிக் குடுங்கண்ணே, அங்க போய் இறங்கையில எனக்கு மானம் போயிரும்" என்றாள்.

அவர் உள்ளே, நான் வெளியே. என் இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில், அவர் முகம் அதற்கு நேர் பின்னால். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். அவர் பேசாமல் ஒரு வேலையைச் செய்ய நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பட்டியைத் திரும்பப் பதித்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மூலையில் கசிவே இல்லை.

புறப்படும் காலையில் காரைத் துடைத்து, இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். லொறியைச் சுற்றி லயமே கூடி, சாவு வீடு மாதிரி அழுதுகொண்டிருந்தது. கிளாக்கரின் மனைவி கார்ப் பக்கம் வந்தாள். லொறியில் ஏறியிருந்த ஒரு கிழவி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களோட வாங்கம்மா. அங்க எங்களுக்கு யாரைத் தெரியும்? இப்பவே நீங்க தனியாப் போனா நாங்க என்னா செய்றது?"

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"டாக்டர்..."

"லொறியிலயே ஏறுங்க, நேரமாகுது" என்று கத்தினேன். மெய்யாகவே கோபம்தான். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிழவி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஏறினார்கள். நான் திறந்து வைத்த கதவைச் சாத்திவிட்டு, வெறும் காரோடு லொறியின் பின்னால் போனேன். கிளாக்கர் லொறியின் பின்பலகையை ஒட்டி, ஒரு தகரப் பெட்டிமேல் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வளைவு கழிந்ததும் மழை பிடித்தது. வைப்பர் துடைக்கத் துடைக்க அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. கையை நீட்டி என் முன்கண்ணாடியின் மூலையைக் காட்டினார். பிறகு விரல்களை விரித்து, ஒழுகுகிறதா என்று சைகையில் கேட்டார்.

இல்லை என்று கையை ஆட்டினேன்.

ரத்தோட்டை தாண்டி மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். மாத்தளை வரும் வரை அவர் கேட்டுக்கொண்டே போனார், நான் சொல்லிக்கொண்டே போனேன். இடது பக்க ஆசனத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.