ஏகமனதுத் தலைவர்

என் அக்கா புருஷன் ஒரு கட்சிக்கு முப்பத்தெட்டு நாள் தலைவராக இருந்தார். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் அங்கே கூட்டக் குறிப்பு எழுதியவர். எந்தத் தீர்மானமானாலும் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று முடிப்பார். ஆபீசில் அவர் பெயரே ஏகமனது ஆகிவிட்டது. நான் டைப் அடிப்பவன்.

எங்கள் வேலை முறையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கூட்டம் சாயங்காலம் நடக்கும். நடந்து முடிந்ததாகக் குறிப்பு காலையிலேயே தயாராகிவிடும். நான் அடிப்பேன், தலைவர் கையெழுத்துப் போடுவார், செயலாளர் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவார். முடிவு ஒரு தடவைகூட மாறியதில்லை. மாறுவதற்கு யார் வாயைத் திறந்தார்கள்?

தேர்தலில் மண்ணைக் கவ்வினோம். பழைய தலைவர் ஆளும் கட்சிக்குத் தாவினார். பெரிய தலைகளும் ஒவ்வொன்றாக நழுவ, மாமாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "ஆழம் தெரியாம கால விடாதீங்க" என்றாள் அக்கா. கேட்டால்தானே. தினமும் அவரே ஆபீசைத் திறந்து பெருக்கி, விட்டுப்போனவர்களுக்குப் போன் போட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை.

"பேசாம அவங்களோட சேந்துடலாங்க. இங்க யாரு இருக்கா?" என்றார் செயலாளர். மாமாவுக்கும் அப்படித்தான் பட்டது. கட்சியைக் கலைத்து ஆளும் கட்சியோடு இணைக்கும் தீர்மானத்தை அடித்தேன். காலையிலேயே கையெழுத்தானது. செயலாளர் கொண்டுபோனார்.

சாயங்காலம் பத்தொன்பது பேர் வந்தார்கள். மாமாவுக்கு என்ன தோன்றியதோ, "சேர வேணாங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அந்த அறையில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை. முதலில் ஒரு பஸ் டிரைவர் தூக்கினார். அப்புறம் ஒரு நர்ஸ். எண்ணினால் பதினாலு கை. மாமா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் தீர்மானத்தைத் திரும்ப வாங்கத் தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினோம். அதிகாரி தாளைக் காட்டினார். "உங்க கையெழுத்து இல்லன்னு எழுதிக் குடுங்க. செயலாளர் மேல கேஸ் போடுவோம், கட்சி உங்ககிட்டயே இருக்கும்."

"என்னோடதுதாங்க" என்றார் மாமா.

படிக்கட்டில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரே ஒரு பொய்தான மாமா. இத்தன வருஷம் எழுதாததா?"

"அப்ப யாரும் கை தூக்கல, மாப்பிள்ள."

கை தூக்கிய பதினாலு பேர் வீட்டுக்கும் அவரே போய், கட்சி கலைந்துவிட்டது என்று சொன்னார். தாளை அடித்த பாவி நானும் கூடவே நின்றேன். யாரும் திட்டவில்லை. நர்ஸ் மட்டும் கேட்டாள்:

"காலைலயே கையெழுத்துப் போட்டுட்டு, சாயங்காலம் எங்கள எதுக்குங்க கேட்டீங்க?"