பேர் கேட்டு அனுப்பிய முருகன்

முருகனைக் கும்பிடுகிற உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் முருகனிடம் காப்பாற்றச் சொல்லிப் போனவள் இல்லை. பழி வாங்கப் போனவள்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாண்டிச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பேசியது ஒரு சின்ன வயசுப் பெண். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் படிக்கிறாளாம். வளர்கிற பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைப் பற்றி ஆராய்ச்சியாம். என் மகள் சங்கரியின் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, பயப்படாதீங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க. பாப்பா தன்னைத்தானே காயப்படுத்திக்குது. உயிரோட இருக்கப் புடிக்கலன்னு எழுதியிருக்குது."

சங்கரிக்கு வயது பதினைந்து. ஒரே பிள்ளை. அவள் அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை.

முதலியார்பேட்டையில் இருக்கிற வீட்டுக்கு ஓடினேன். அவள் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தேன். அடித்தேன். உங்களிடம் மறைக்கவில்லை, அடித்தேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அந்தப் பெண் வீடு தேடி வந்தாள். உள்ளே விடவில்லை.

"ஏன்டி, நல்லா இருந்த பொண்ணுகிட்ட சாகணும்னு தோணுதான்னு கேப்பியா? நீ கேட்டதாலதான் அவளுக்கு அது தோணுச்சு."

"கேக்கறதால தோணாதுக்கா. ஏற்கெனவே உள்ள இருக்கறதுதான் வெளிய வருது. அதத்தான் நாங்க படிக்கிறோம்."

"படி. உன் வீட்டுப் புள்ளைய வெச்சுப் படி."

கதவைச் சாத்தினேன். அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அவள் கெட்டுப்போக வேண்டும். வேலையில் பக்கெட்டைத் தூக்கினாலும் அதுதான். சாமி படத்துக்கு முன்னால் நின்று இரண்டு வேண்டினேன். என் பிள்ளையைக் காப்பாற்று. அவளைச் சும்மா விடாதே. இரண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

என்னோடு வேலை செய்யும் செல்வி வழி சொன்னாள். விருத்தாசலம் பக்கம் பிராது கட்டுகிற முருகன் கோயில் இருக்கிறது. போலீசில் எழுதிக் கொடுக்கிற மாதிரி சாமிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கெடுதல் செய்தவர் பேர், ஊர், செய்த கெடுதல் எல்லாம். அதை முருகன் காலடியில் வைத்து எடுத்து, அங்கே காவல் நிற்கிற முனியப்பர் வேலில் கட்டுவார்கள். மூன்று மாதத்துக்குள் அவர் விசாரிப்பார். வேண்டாம் என்றால் கட்டினவரே போய் வாபஸ் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சங்கரியைத் தனியாக விடப் பயம். கூட அழைத்துப் போனேன். கடலூர் போய் இன்னொரு பஸ். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயிலில் பிராது எழுதித் தருகிறவர் காகிதத்தை எடுத்தார்.

"யாரு மேலம்மா?"

"ஆராய்ச்சி பண்ண வந்தவ மேல."

"பேரு?"

"தெரியாது."

"அப்பன் பேரு?"

"தெரியாது."

"எந்த ஊரு, எந்தத் தெரு?"

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில இருக்கறா. ஒல்லியா இருப்பா."

அவர் பேனாவை மூடினார். "ஒல்லியா இருக்கறவங்கள எல்லாம் முருகன் புடிக்க ஆரம்பிச்சா மொதல்ல என்னத்தாம்மா புடிப்பாரு. போயி பேரக் கேட்டுக்கிட்டு வா."

பக்கத்தில் நின்ற சங்கரி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். பேர் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியத்துக்கு இல்லை. பேர் கேட்க மட்டும். சங்கரியை விட்டுவிட்டுப் போக முடியாது. அவளும் வந்தாள்.

அந்தப் பெண் வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். "வந்துட்டீங்களாக்கா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளையைக் காட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் சங்கரி எழுந்து அவள் பின்னால் உள்ளே போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்கள். சொல்லலாமா என்று சங்கரியிடம் கேட்டுவிட்டு, அவளையே சொல்லச் சொன்னார்கள்.

டியூஷனைப் பற்றிச் சொன்னாள். ரெட்டியார்பாளையத்தில் அவளை டியூஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வாத்தியார் சனிக்கிழமை தோறும் டெஸ்ட் வைப்பார். குறைந்த மார்க் எடுத்த பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுப்பார். 'இந்த வாரக் கழுதை' என்று எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். சங்கரி போட்டோ ஏழு வாரம் வந்தது. நானும் பார்த்தேன். கண்டிப்பான சார் என்று நினைத்தேன். நன்றாக உறைக்கிற மாதிரி சொல்லுங்கள் சார் என்று எழுதி, கீழே கும்பிடு கையும் போட்டேன்.

"அம்மாவே கும்புடு போட்டாங்க. அப்புறம் நான் யாருகிட்ட சொல்றது?" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.



டாக்டரம்மா சொன்னார்கள். "இது சீக்கும்மா. ஒரே ஒரு காரணத்தால வராது. மாத்திரை இருக்கு, பேசிப் பேசிக் குணப்படுத்தலாம். யாரு மேலயாவது பழி போடறதுல புள்ளைக்கு ஒண்ணும் கெடைக்காது." முதல் பாதியைக் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் பேர் கேட்டேன். கவிதா என்றாள். எதற்குக் கேட்டேன் என்பதையும் சொன்னேன்.

"பரவால்லக்கா. முருகன் வெசாரணைக்குக் கூப்பிட்டா வர்றேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை டியூஷனுக்குப் போனேன். பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் வந்திருந்தார்கள். போனை எடுத்தேன்.

"சார், அந்தச் செவுத்துல சாஞ்சு நில்லுங்க. ஒரு போட்டோ."

"என்னம்மா இது? புள்ளைங்க நல்லதுக்குத்தான..."

"உங்க நல்லதுக்குத்தான் சார். நேரா நில்லுங்க. இந்த வாரம் நீங்க."

எடுத்தேன். குரூப்பில் போட்டேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. ஒரு அம்மா அங்கேயே தன் பையனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கவிதா சொன்னபடி, பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை வந்தது. கார்த்திகையில் டியூஷன் பலகையைக் கழற்றினார்கள். நின்று பார்த்தேன். மனசு குளிர்ந்தது. இப்போதும் குளிர்ச்சிதான்.

நடுவில், ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் கோயிலுக்குத் தனியாகப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தேன். இரண்டு பேர் எழுதினேன். ஒன்று வாத்தியார். இன்னொன்று நான்.

சங்கரிக்கு உடனே சரியாகவில்லை. வாரா வாரம் ஆஸ்பத்திரி. தீபாவளிக்கு முன்னால் மறுபடி மோசமானது. ஆனால் இந்த முறை அவளே வந்து, "அம்மா, இன்னைக்கு முடியலம்மா" என்றாள். நான் அடிக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

மார்கழியில் கவிதா மறுபடி அதே கேள்வித்தாளைக் கொடுத்தாள். கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வாய் என்று ஒரு கேள்வி. முதல் தடவை சங்கரி அதில் ஒன்றும் எழுதவில்லையாம். இப்போது கவிதா மேடம் என்று எழுதியிருக்கிறாள். அப்புறம்தான் என் பேர். இரண்டாவதாக இருந்தாலும் இருக்கிறது.

தை மாதம் செல்வி வாய் தவறி, நான் கட்டின பிராதைப் பற்றிச் சங்கரியிடம் சொல்லிவிட்டாள்.

"உன் மேலயே பிராது கட்டியிருக்கியா? உனக்கு எதுனா ஆச்சுன்னா நான் எங்கம்மா போவேன்? வா, எடுத்துட்டு வரலாம்" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டு வெகு நாள் ஆயிற்று.

போனோம். என் பேரை மட்டும் எடுக்க வேண்டும் என்றேன்.

"பாதி வாபஸ்லாம் கெடையாதும்மா. வாங்கினா முழுசா வாங்கு" என்றார் எழுதித் தருகிறவர்.

முழுசாக வாங்கினேன். நகரவில்லை. புதுக் காகிதம் கேட்டேன்.

"இப்பத்தான வாபஸ் வாங்கின?"

"ஆமாங்க. இது வேற. இந்தத் தடவை பேரு, அப்பன் பேரு, ஊரு, தெரு எல்லாம் தெரியும்."

வாத்தியார் பேரை மட்டும் எழுதிக் கட்டினேன். அவரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. முருகனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். மனசு வரும்போது வரட்டும்.

கோபத்தோடு இருப்பவர்கள் கோபத்தோடே முருகனிடம் போங்கள். போகிற இடத்தை அவன் மாற்றி வைப்பான். கேடு செய்யப் பேர் தேடிப் போன என்னை டாக்டர் வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தான். உங்கள் பிள்ளை பேசாமல் இருந்தால் நேராகவே கேளுங்கள், சாகணும் போல இருக்கிறதா என்று. கேட்டதால் தோன்றாது. ஆமாம் என்றால் அடிக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சாமி வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று நினைக்காதீர்கள்.

இன்று காலை தேங்காய்ச் சட்னியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டுவிட்டுச் சங்கரி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. நாளைக்கு ஒரு கல் கூடப் போடுகிறேன். முருகா, உனக்குக் கோடி கும்பிடு.