சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குடியாத்தத்தில் ரயில் ஏறினேன். முன்பதிவில்லாத பெட்டி, எண்பது ரூபாய் டிக்கெட், பெங்களூருக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அமெரிக்கா போய்வந்தவன் என்று யாரும் ஜன்னலோரம் விட்டுக்கொடுக்கவில்லை. வாணியம்பாடி வரை கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்.

அந்த அமெரிக்கப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் பிரசவத்துக்காகக் கான்சாஸ் மாநிலத்தில் ஆறு மாதம் இருந்தேன். மருமகன் டாக்டராக இருக்கும் ஊர். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். நான் பார்த்தது கோதுமை வயல், தானியக் கிடங்கு, பேரனின் டயப்பர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற கணக்கில், எங்கள் குடும்பத்தின் அமெரிக்க நிபுணன் நான்தான்.

அதனால்தான் சேவியர் கூப்பிட்டிருந்தான். என் தங்கை ஸ்டெல்லாவின் மகன். கோலார் தங்கவயலில் பிறந்தவன், தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அம்மாவோடு பெங்களூரு லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தவன். பல வருஷம் கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்த்து, அமெரிக்கச் சிற்றூர்க்காரர்களின் ஃப்ரிட்ஜ் புகார்களைக் கேட்டான். அணைத்துப் போட்ட ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடும் வரை அவர்கள் ஊர்க்கதை பேசுவார்களாம். அதை வைத்து ஒன்பது பாட்டு எழுதியிருந்தான். ஒன்பதும் ஒரே கற்பனை ஊரின் ஆட்களைப் பற்றியவை. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் அந்த ஊரைச் சுற்றிவந்துவிடலாம். ஆல்ட்-கன்ட்ரி என்று அந்த இசைக்குப் பெயர். அமெரிக்க நாட்டுப்பாட்டில் கொஞ்சம் எலெக்ட்ரிக் கிடாரின் உறுமலைச் சேர்த்தது என்று நான் புரிந்துகொண்டேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு அரங்கேற்றம், திங்கட்கிழமை ரெக்கார்டிங். பார்க்காத ஊரைப் பாடி ஊர் சிரித்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். பார்த்த ஒருவர் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் மேடை ஏறுவேன் என்றிருந்தான்.

பதினொரு மணிக்குக் கன்டோன்மென்ட் நிலையம். ஆட்டோக்காரர் லிங்கராஜபுரத்துக்கு இருநூறு கேட்டார். நான் தமிழில் முறைத்தேன். "மீட்டர் மேல முப்பது குடுங்க சார், பிரிட்ஜாண்ட ஃபுல் ஜாமு" என்று அவரும் தமிழிலேயே இறங்கிவந்தார். நூற்றிருபதில் முடிந்தது.

ஸ்டெல்லாவின் கறிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, சேவியர் கிடாரோடு உட்கார, நான் நீதிபதி மாதிரி உட்கார்ந்தேன். ஆணி, திருகு விற்கும் கடைக்காரர், தபால் நிலையத்து அம்மா, எதிரே வரும் வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கி வணக்கம் சொல்லும் விவசாயி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாம் அச்சு அசல் நான் பார்த்த ஊர். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஏழாவது பாட்டு சங்கை, அதாவது ஊருக்கெல்லாம் கேட்கும் சைரனைப் பற்றியது. ஒருநாள் போனில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் சங்கு ஊதியிருக்கிறது. போகணும் என்று பாதியில் வைத்துவிட்டாள். மிச்சத்தைச் சேவியரே எழுதிக்கொண்டான். சங்கு கேட்டதும் ஊரே போட்டது போட்டபடி வீட்டை விட்டு வெளியே ஓடுகிறது.

அது அமெரிக்கா இல்லை, தங்கவயல். அங்கே ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் உள்ளே பாறை சரிந்தது என்று அர்த்தம். பெண்கள் குழாயடியிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். மூன்று வயதுச் சேவியரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவும் ஒருநாள் ஓடினாள். அன்று என் மச்சான் மேலே வரவில்லை.

கான்சாஸில் நேரங்கெட்டு ஊதிய சங்கை நானும் கேட்டிருக்கிறேன். மகள் பேரனை வாரிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறைக்கு இறங்கினாள். சூறாவளி. பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்து எங்களோடு ஒண்டிக்கொண்டார். அரைமணி கழித்து ஏறிவந்தோம். தோட்டத்து நாற்காலி ஒன்றைத்தான் காணோம்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒன்பதிலும் நல்ல பாட்டு அதுதான். ஆனால் என்னைக் கூப்பிட்டதே இதற்குத்தானே என்று சொல்லிவிட்டேன்.

சேவியர் கிடாரைக் கீழே வைத்தான். "சங்கு ஊதினா கீழ போவாங்களா மாமா?"

"ஆமாண்டா. அங்க கீழதான் பத்திரம்."

எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான். ஸ்டெல்லா என்ன சண்டை என்று கேட்டாள். சின்னத் திருத்தம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நான்கு மணிக்குச் சர்ச்சுக்குப் பின்னாலுள்ள ஹாலில் கூட்டம். டிக்கெட் நூறு ரூபாய். தாய்மாமன் என்றும் பார்க்காமல் என்னிடமும் வாங்கிவிட்டார்கள். பாதிப்பேர் தங்கவயலிலிருந்து வந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். சேவியர் மேடைக்கு வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கிலீஷில் பாடினான், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கதையைத் தமிழில் சொன்னான். ஆறு பாட்டுக்கும் நல்ல கைத்தட்டல்.

ஏழாவதுக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். "இந்த ஊர்ல சங்கு ஊதினா எல்லாரும் கீழ எறங்கிடுவாங்க" என்றான். தங்கவயல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பவேயில்லை.

பாட்டில் ஊர் முழுக்கப் படியிறங்கி இருட்டில் உட்கார்ந்தது. முடிந்தது என்று நினைத்தபோது, மத்தியானம் இல்லாத ஒரு சரணத்தைத் தொடங்கினான். அதில் ஆட்களின் பெயர்கள் மட்டும்தான். கடைக்காரர், தபாலம்மா, விவசாயி, ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன பெண் என்று முதல் ஆறு பாட்டில் வந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு மேலே ஏற்றினான். ஒருவரையும் விடவில்லை.

ராத்திரி ரயிலுக்கு ஸ்டெல்லா கன்டோன்மென்ட் வரை வந்து வழியனுப்பினாள். இந்தத் தடவை ஜன்னலோரம் கிடைத்தது. ஆல்பம் நன்றாகப் போகும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே எல்லாரும் மேல வந்துட்டாங்களாண்ணா?" என்றாள்.

"வந்துட்டோம் ஸ்டெல்லா. நானே இருந்தேனே. நாய் உட்பட."

ரயில் நகர்ந்தது. அவளும் கூடவே நாலடி நடந்தாள்.

"நல்ல ஊருண்ணா அது" என்றாள்.